பச்சையாய்த் தெரிந்த எட்டு வரிகள்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு கரும்பலகை.

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் முடித்த கூட்டம் பஸ் ஸ்டாண்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போது நான் ஒரு நாளிதழின் திருவண்ணாமலை நிருபர். முந்தைய நாள் எடுத்த படங்களைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் ஒரு பிரவுசிங் சென்டர் பாதி ஷட்டர் திறந்திருந்தது. வாசலில் சாய்த்து வைத்திருந்த கரும்பலகையின் முன் முப்பது பேராவது நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. படித்தார்கள், போனார்கள்.

பலகையில் இருந்தது பஸ் நேரம். இடது பக்கம் ஊர், வலது பக்கம் நேரங்கள். பெங்களூர், சென்னை, வேலூர், விழுப்புரம், சேலம். சாக்பீஸ் எழுத்து. ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

நான் உள்ளே நுழைவதற்குள் பஸ் ஸ்டாண்டு நேரக் காப்பாளர் காக்கிச் சட்டையோடு சாலையைக் கடந்து வந்தார்.

"யாரும்மா இத எழுதினது?"

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். விரல்களில் சாக்பீஸ் தூள்.

"நான்தாங்க."

"வேலூருக்கு ஏழு பத்துக்கு ரெண்டு வண்டின்னு போட்டிருக்க. அப்புறம் எட்டு அம்பது வரைக்கும் ஒண்ணுமே இல்லன்னு போட்டிருக்க. ஜனங்க வந்து என்னப் புடிச்சிக் கேக்குறாங்க."

"உங்க ரூம் கதவுல ஒட்டியிருக்கறதுதாங்க. நேரத்துல நான் கையே வைக்கல. ஊர்வாரியா அடுக்கினேன், அவ்வளவுதான்."

அவர் திரும்பிப் போய்க் கதவில் இருந்த தாளையே கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார். அதில் நாள் முழுக்கப் புறப்படும் வண்டிகள் எல்லாம் ஒரே பத்தியாக, கமா போட்டு, தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பலகையோடு ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. வேலூர் ஏழு பத்து என்பது மூன்றாவது வரியில் ஒரு முறையும் நான்காவது வரியில் ஒரு முறையும் இருந்தது.

"இது இப்படி இருக்குதுன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார். அவர் குரலில் இருந்த கோபம் இப்போது யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு அந்த இரண்டில் ஒரு வண்டி எட்டு மணிக்கு மாறியிருந்தது.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுத வேண்டாம் என்று ஒரு முறை அவரே சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. அவருடைய வழக்கம் அது. அவர் யாருடைய தப்பையும் சொல்ல மாட்டார். அதைத் திருத்தவும் மாட்டார். அதே சரக்கை நீங்கள் படிக்கிற மாதிரி அடுக்கி உங்கள் முன் வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விடுவார். மீதியை உங்கள் கண் செய்யும்.

இது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கே பிடிக்காமல் இருந்திருக்கிறது. ஒரு முறை கீழ்பென்னாத்தூர் அருகே வேன் கவிழ்ந்த செய்தியை அவருடைய சென்டரில் உட்கார்ந்து அடித்தேன். பிரிண்ட் கேட்டேன். அவர் இரண்டு தாள் கொண்டுவந்தார். ஒன்று நான் அடித்தபடி. இன்னொன்றில் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனி வரியாக, பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன.

"அனுப்பறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பார்த்துடுங்க சார்."

முதல் வரியில் நான்கு பேர் காயம் என்று எழுதியிருந்தேன். கீழே ஐந்து பெயர்கள் இருந்தன.

"அஞ்சு பேருன்னு வாயால சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நான் எண்ணலைங்க சார்."

எண்ணினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினாறு வருடம் பத்திரிகையில் இருந்தவன் என்ற நினைப்பில் அன்று கொஞ்சம் முறைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு, ஒரே ஒரு நாளைத் தவிர, எந்தச் செய்தியையும் அந்த இரண்டாவது தாள் இல்லாமல் அனுப்பவில்லை.

அவருக்கு வரன் பார்த்த தரகர் இதைவிட மோசமாக மாட்டினார். ஒரே மாப்பிள்ளையைப் பற்றி மூன்று முறை வந்து பேசியிருக்கிறார். மூன்று முறையும் அவர் சொன்னதை இவர் தேதியோடு குறித்து வைத்து, பக்கத்துப் பக்கத்தில் மூன்று கட்டமாக அடித்து, தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். ஐந்து மாதத்தில் மாப்பிள்ளைக்கு இரண்டு வயது குறைந்திருந்தது. சொந்த வீடு என்பது சொந்தக்காரர் வீடு என்று ஆகியிருந்தது. தரகர் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "அந்தப் பொண்ணு பேனாவோட உக்காந்திருந்தா நான் அந்தத் தெருவுக்கே போறதில்லப்பா."

அந்தப் பெண் வேலூர் பக்கம் எம்.சி.ஏ. படித்தவர். சென்னையில் இரண்டு வருடம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பியவர். ஐந்து கம்ப்யூட்டர், பிளைவுட் தடுப்பு, ஒரு பிரிண்டர். பிராட்பேண்ட் ஊருக்கு வந்த புதிது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் எதையாவது புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அப்படி எழுதிய ஒன்று சிக்கிக்கொண்டது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் புரோகிராமர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் ஒரு இணைய மன்றத்தில் அதைப் போட்டு உதவி கேட்டார். பதினோரு நாள் பதில் இல்லை. தன் ஆங்கிலம்தான் காரணம் என்று முடிவு செய்தார். இரண்டாவது முறை 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்தார். விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய ஆங்கிலம். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது முறை, தொந்தரவு செய்வதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அதற்கு ஒரே ஒரு பதில் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு சொல். இதைப் படிக்க முடியவில்லை.

கையெழுத்தா இது, படிக்க முடியாமல் போக என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துத் தடுப்பில் இருந்த கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து, யாரோ எழுதியதைப் படிப்பதுபோல அந்தப் பக்கத்தைத் திறந்தார். புரோகிராமில் எந்த வரி எதற்குள் அடக்கம் என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் காட்டும். மன்றம் அந்த இடைவெளிகளை எல்லாம் விழுங்கியிருந்தது. அறுபது வரிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"மல்லாட்ட மூட்டைய அவுத்துத் தரையில கொட்டின மாதிரி இருந்துது சார்" என்றார். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "மூணு வாரமா நான் இங்கிலீஷத் திருத்திட்டு உக்காந்திருந்தேன்."

அன்றைக்குத்தான் ஒரு வலைப்பக்கத்தை எழுதத் தொடங்கினார். பார்க்க எளிமையானது. ஒரு பெட்டி, ஒரு பொத்தான். பெட்டியில் புரோகிராமைக் கொட்டினால், இடைவெளியும் நிறமும் வரி எண்ணும் போட்டு ஒரு பக்கமாக்கித் தரும். அந்தப் பக்கத்துக்கு ஒரு முகவரி கிடைக்கும். அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பெறுகிறவர் எந்த நாட்டில் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும்.

நான்கு மாதம் ஆனது. எனக்குத் தெரிந்து அதில் ஐந்து வாரம் வரி எண்களுக்கே போனது. பக்கத்திலிருந்து புரோகிராமைப் பிரதி எடுத்தால் ஓரத்தில் இருக்கும் எண்களும் கூடவே வந்துவிட்டன. எண்ணோடு ஒட்டினால் புரோகிராம் ஓடாது. எண்களை எடுத்துவிட்டால் 'பதினான்காவது வரியைப் பாருங்கள்' என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. கடைசியில் எண்களுக்குத் தனிக் கட்டமும் புரோகிராமுக்குத் தனிக் கட்டமுமாகப் பிரித்து அதைத் தீர்த்தார். தீர்ந்த அன்று எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். காரணத்தை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நிறங்களை அவர் தனியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சென்டருக்கு வந்த எல்லோரையும் கேட்டார். ரயில்வே டிக்கெட் பார்க்க வந்த பெரியவரையும் விடவில்லை. "எது சார் கண்ணுக்கு உறுத்தாம இருக்குது?" கட்டளைகளுக்கு நீலம் என்று ஆனது. மேற்கோளுக்குள் இருப்பதற்குச் செங்கல் நிறம். புரோகிராம் எழுதுகிறவர், படிக்கும் மனிதர்களுக்காக எழுதி வைக்கும் குறிப்புகளுக்குப் பச்சை. இந்தக் குறிப்புகளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரமும் போட்டால் குறிப்பு தொடங்கும். ஒரு நட்சத்திரமும் ஒரு சாய்கோடும் போட்டால் முடியும்.

கல்லூரி மாணவர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. "அக்கா, அப்படியே தப்பையும் அதுவே திருத்திக் குடுக்கற மாதிரி பண்ணுங்களேன்."

"பண்ண மாட்டேன்" என்பார். "நான் திருத்தி அது வேற தப்பாப் போச்சுன்னா? உங்களுது உங்களுக்குத் தெரியணும். அதுக்குத்தான் இது."

இங்கேதான் ரெக்கார்ட் ரூம்காரர் வருகிறார்.

வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் பழைய ஆவணங்கள் இருக்கும் அறையில் உதவியாளர். நாற்பத்து மூன்று வயது. யாராவது பழைய பட்டாவுக்கு நகல் கேட்டால், மூல ஆவணத்தைத் தேடி எடுத்து, எழுத்துக்கு எழுத்து நகல் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பதினெட்டு வருடம் அதைச் செய்ததில் தூசி ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வந்துவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அலுவலகத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கியிருந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, தூசி கிடையாது. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவர்களுக்கு அங்கே இடமாற்றம் உண்டு. இவர் தபால் வழியில் அந்த டிப்ளமா படித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.

"ஆயுசுல பாதி தூசிக்குப் போச்சு மேடம். மீதிப் பாதியாவது ஏசியில போவட்டும்" என்பார்.

எல்லாத் தாளும் முடித்துவிட்டார். செய்முறைத் தேர்வு மட்டும் பாக்கி. இரண்டு முறை தோல்வி. சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் முடிக்காவிட்டால் எல்லாம் ரத்து. அது ஐந்தாவது வருடம். மூன்றாவது முறை எழுதப் பத்து நாள் இருந்தது.

அவர் தோற்ற விதம் விசித்திரமானது. தேர்வில் எல்லோருக்கும் கட்டாயமாக ஒரே புரோகிராம் வரும். கலைந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் புரோகிராம். செய்முறைக் கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. கையேட்டைத் தொகுத்தவர் அந்தக் கல்லூரியின் துறைத் தலைவர். அதை அடித்து, ஓட்டி, திரையில் வரும் விடையைத் தாளில் எழுத வேண்டும். இவர் அட்சரம் பிசகாமல் அடித்தார். எண்கள் அடுக்கப்படாமல், போட்டபடியே திரும்ப வந்தன. வந்ததைத் தாளில் எழுதிவிட்டார். துறைத் தலைவர் தாளின் ஓரத்தில் பச்சை மையில் 'விடை பெறப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு முறையும் அதே.

"மத்தவங்கல்லாம் எப்படிங்க பாஸ் பண்ணாங்க?" என்று கேட்டேன்.

"புக்குல விடையும் போட்டிருக்குது சார். திரையில என்ன வந்தாலும் வரட்டும்னு புக்க நெட்டுரு போட்டு எழுதிட்டாங்க."

"நீங்களும் எழுத வேண்டியதுதானே?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், நான் நகல் எழுதறவன். இல்லாதத இருக்குதுன்னு எழுதினா அது பொய் நகல். வேலையே போயிடும்."

"இது பரீட்சை ஐயா."

"கை ஒண்ணுதானே சார்?"

தன் கைதான் எங்கோ தப்பாக அடிக்கிறது என்று அவர் நம்பினார். அந்த ஞாயிறு கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்த்து, புரோகிராமை முழுக்க அடித்து, அந்தப் பெண்ணின் வலைப்பக்கப் பெட்டியில் போட்டார். பொத்தானை அழுத்தினார்.

நான் பின்னால் நின்றிருந்தேன். மேலே எட்டு வரி நீலமும் கறுப்புமாக வந்தன. ஒன்பதாவது வரியில் பச்சை தொடங்கியது. பதினாறாவது வரி வரைக்கும் பச்சை போய்க்கொண்டே இருந்தது. பிறகு மறுபடி நீலம்.

"இன்னா மேடம், நடுவுல மட்டும் பச்சையா வருது? அழகுக்கா?"

"இல்லைங்க. பச்சைன்னா மனுஷங்களுக்கு எழுதின குறிப்பு. மெஷின் அதப் படிக்காது."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையின் அருகே குனிந்தார். "குறிப்பு ஒரு வரிதானே மேடம். 'எண்களை அடுக்குதல்'னு. அடுத்தது அதுக்குண்டான கட்டளை. ஆறு வரி."

"நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். ஒன்பதாவது வரியில் குறிப்பு தொடங்கியிருந்தது. முடியவில்லை. ஆறு கட்டளைகளையும் விழுங்கிக்கொண்டு போய், பதினாறாவது வரியில் இருந்த அடுத்த குறிப்பின் முடிவில்தான் முடிந்தது. அவர் கையேட்டைத் திருப்பினார். அதிலும் அப்படியே இருந்தது. அந்த வரி நீளமானது. எந்தக் காலத்திலோ எடுத்த ஜெராக்ஸில் வலது ஓரம் வெட்டுப்பட்டு, அதைப் பார்த்து அடுத்தவர் அடித்திருக்க வேண்டும். கல்லூரியின் பழைய கம்ப்யூட்டர்களில் நீலத் திரையில் எல்லா எழுத்தும் ஒரே மஞ்சள். அங்கே இது தெரிய வழியில்லை.

"அப்ப அடுக்கச் சொல்ற ஆறு வரியையும் அது படிக்கவே இல்ல."

அந்தப் பெண் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

"என் கை தப்பா அடிக்கல."

ரெக்கார்ட் ரூம்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து இன்ஹேலரை எடுத்தார்.

ஓடுகிற புரோகிராம் கிடைத்துவிட்டது, இனி என்ன என்று நான் நினைத்தேன். அவருக்கு அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. "இத எப்படி மேடம் திருத்தறது? மூலத்துல தப்பு இருந்தாலும் நகல் எழுதறவன் திருத்தக் கூடாது. எங்க ரூம்ல முதல் நாளே சொல்லிக் குடுக்கறது அதுதான். அதுலயும் இது ஐயா போட்ட புக்கு. பச்ச மையில கையெழுத்துப் போடறவரு."

"சார்கிட்ட சொல்லிப் பேப்பர்ல போடச் சொல்லலாமா?" என்று ரெக்கார்ட் ரூம்காரரே என்னைக் கைகாட்டினார்.

எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. இத்தனை வருடம் ஓடாத புரோகிராம், இத்தனை பேர் எழுதிய வராத விடை. மூன்று பத்திச் செய்தி. தலைப்பு கூட மனதில் வந்துவிட்டது.

"வேணாம் சார்" என்றார் அந்தப் பெண். "பேப்பர்ல வந்துட்டா அவரு அந்தப் பக்கத்தப் பார்க்க மாட்டாரு. உங்களத்தான் பார்ப்பாரு."

அவர் செய்தது இவ்வளவுதான். புரோகிராம் பக்கத்தின் முகவரியைத் துறைத் தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். மேலே ஒரே வரி: 'ஐயா, கையேடு பக்கம் 41.' பதில் வரவில்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ரெக்கார்ட் ரூம்காரர் மறுபடி வந்தார். குரல் உயர்ந்திருந்தது.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். புக்கு தப்புன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் நாளைக்குத் திருத்திப் போட்டுடறேன். என்ன பண்ணிடுவாங்க?"

"நான் சொன்னா, நாளைக்கு அவரு கேக்கும்போது 'மேடம் சொன்னாங்க'ன்னு சொல்லுவீங்க. அது அங்க நிக்காதுங்க. நீங்க பார்த்ததச் சொல்லுங்க."

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க. அஞ்சு வருஷம் மேடம்."

"தெரியும்ங்க."

அந்தப் பக்கத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து, நான்காக மடிக்காமல், ஒரு அட்டைக்குள் வைத்துக் கொடுத்தார். ரெக்கார்ட் ரூம்காரர் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு அன்று வருத்தம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்வதில் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். அன்று இரண்டாவது தாளை அவர் நீட்டியபோது வாங்காமல் செய்தியை அனுப்பினேன்.

மறுநாள் நடந்ததை நான் பார்க்கவில்லை. ரெக்கார்ட் ரூம்காரர் பிற்பகல் மூன்று மணிக்கு நேராக சென்டருக்கு வந்து சொன்னதை அப்படியே தருகிறேன்.

அவர் முதலில் புரோகிராமைக் கையேட்டில் இருந்தபடியே அடித்து ஓட்டினார். எண்கள் அடுக்கப்படாமல் வந்தன. வந்ததைத் தாளின் இடது பாதியில் எழுதி, மேலே 'மூலத்தில் உள்ளபடி' என்று தலைப்பிட்டார். ஆவண அறையில், மூலத்தில் தப்பு இருந்தால் நகலின் ஓரத்தில் எழுதும் வாசகம் அது. பிறகு தாளின் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். ஒன்பதாவது வரியின் முடிவில் நட்சத்திரமும் சாய்கோடும் சேர்த்து மறுபடி ஓட்டினார். எண்கள் வரிசையாக வந்தன. அதைக் கோட்டின் வலது பக்கம் எழுதி, 'குறிப்பை மூடிய பின்' என்று தலைப்பிட்டார்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு எந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை. துறைத் தலைவரைக் கூப்பிட்டார். அவர் வந்து தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ ஓட்டுங்க."

ஓட்டினார்.

"அந்த ரெண்டையும் எடுத்துட்டு ஓட்டுங்க."

எடுத்துவிட்டு ஓட்டினார். துறைத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தன வருஷமா எல்லாரும் சரியான விடைய எழுதிக் குடுத்தாங்களே. அது எங்கேருந்து வந்துது?"

"உங்க புக்குலேருந்துதாங்க ஐயா."

அறையில் ஒருவர் சிரித்துவிட்டார். துறைத் தலைவர் சிரிக்கவில்லை. அப்போது ரெக்கார்ட் ரூம்காரர் அட்டையைத் திறந்து அந்தக் கலர் பிரிண்டைக் கொடுத்தார். அவர் அதை நின்றபடியே படித்தார். பச்சை வரிகளின் மேல் பேனாவின் மூடியை வைத்து மேலிருந்து கீழாக ஒரு முறை இழுத்தார். "இத நான் வச்சிக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ரெக்கார்ட் ரூம்காரருக்கு மூச்சு வாங்கியது.

"மேடம் சொன்னாங்கன்னு நான் சொல்லவே இல்ல மேடம்."

"நல்லதுங்க" என்றார் அந்தப் பெண். பிறகு எழுந்து பிரிண்டரில் தாள் வைக்கப் போனார். தாள் ஏற்கெனவே நிறைய இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தேர்ச்சி வந்தது. அதற்கு அடுத்த மாதம் இடமாற்றமும் வந்தது. முதல் வாரம் முடிந்து ரெக்கார்ட் ரூம்காரர் சென்டருக்கு வந்தபோது மூக்கு சிவந்து, குரல் கட்டியிருந்தது.

"ஏசியில சளி புடிச்சிக்குச்சு மேடம். குளிரு ரொம்ப ஜாஸ்தி."

"தூசிக்கே திரும்பப் போறீங்களா?"

"ஐயோ, சும்மா சொன்னேன்."

அந்த வலைப்பக்கம் அதற்குள் ஊரைத் தாண்டிப் போயிருந்தது. முன்பு அந்தப் பெண்ணுக்குச் சரியான பதில் தராத அதே மன்றத்தில், யாரென்றே தெரியாத ஒருவர் தன் சந்தேகத்தைக் கேட்க இவருடைய பக்கத்தின் முகவரியைக் கொடுத்திருந்தார். அதன் கீழே ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பதில்கள். அந்தப் பக்கத்தை அவர் எனக்குக் காட்டினார். ஆறு பதில்களில் மூன்று 'பன்னிரண்டாவது வரியில்' என்று தொடங்கியிருந்தன. அந்த மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

பிறகு நான் அவரிடம் இரண்டாவது தாளை மறுக்கவே இல்லை.

மூன்று வருடம் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தே ஒரு நிறுவனம் அவருக்குப் பெங்களூரில் வேலை கொடுத்தது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனார். போன அன்று நேரக் காப்பாளர் சாலையைக் கடந்து வந்து, "அந்தப் பலகைய எனக்குக் குடுத்துட்டுப் போம்மா" என்று கேட்டு வாங்கித் தன் அறை வாசலில் வைத்துக்கொண்டார். ஊர்ப் பெயர்களை இடது பக்கமும் நேரங்களை வலது பக்கமும் அவரே எழுதுகிறார்.

அவர் போவதற்கு முன்பே, தேர்வு நடந்த வருடத்துக்கு அடுத்த ஜூலையில், அந்தக் கல்லூரியில் ஞாயிறு வகுப்பின் புதிய அணி தொடங்கியது. செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். துறைத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பின் வரிசை மேஜையில் செய்முறைக் கையேடுகள் கட்டாக இருந்தன. பழைய அச்சு. புதிதாக அடிக்கவில்லை. மேலிருந்து எட்டுப் பிரதிகளை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். எட்டிலும் ஒன்பதாவது வரியின் முடிவில் ஒரு நட்சத்திரமும் ஒரு சாய்கோடும் கையால் போடப்பட்டிருந்தன. பச்சை மை.